அப்பாவுக்குத் தெரிந்த படங்கள்

எதிர் ஃப்ளாட் அம்மாள் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டினார். கையில் ஒரு நைலான் கயிற்று உருண்டை.

“மேடம், பழைய சீடி இருந்தா ஒரு நாலு குடுங்களேன். இந்தப் புறாத் தொல்ல தாங்கல. துணி காயப்போட முடியல. கட்டித் தொங்கவிட்டா வெயில்ல மின்னும், கிட்ட வராதுன்றாங்க.”

கொரட்டூரில் எங்கள் தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தால் மாடிக்கு மாடி இந்த வட்டத் தகடுகள்தான். ஏரிப் பக்கத்துக் காற்றில் சுழன்று சுழன்று மின்னுகின்றன. புறாக்கள் பயப்படுகின்றனவா என்று மட்டும் கேட்காதீர்கள். மூன்றாவது மாடியில் ஒன்று தகட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பித் திருப்பித் தன் அழகைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

“இருக்கு, எடுத்துத் தர்றேன்” என்று உள்ளே போனவள் வெளியே வரவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். எந்த நாலைக் கொடுப்பது? இந்தப் படமா, அந்தப் படமா என்று நான் டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் அந்த அம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, “பரவால்ல மேடம், அப்புறமா குடுங்க” என்று போய்விட்டார். என்னைக் கஞ்சம் என்று நினைத்திருப்பார். நினைத்தால் நினைக்கட்டும்.

அந்த டப்பாக்களைத் திறந்தால் ஒரு வாசனை வரும். புது ரப்பர் செருப்பு வாசனையும் பற்பசை வாசனையும் கலந்தது. பற்பசை எங்கிருந்து வந்தது என்று இளையவர்கள் கேட்பார்கள். டிஸ்க்கில் கீறல் விழுந்தால் அதுதான் மருந்து. வெள்ளைப் பற்பசையை விரலில் எடுத்துத் தடவி, பழைய பனியன் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் போச்சு. கதாநாயகியின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து அப்படியே நின்றுவிடும். ஆவடியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமை காலையானால் எனக்கு அதுதான் வேலை. பல் துலக்கிய பற்பசையைவிட டிஸ்க் துலக்கிய பற்பசை அதிகம் என்று அம்மா திட்டுவாள்.

அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஆவடியில் ரயில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்குவேன். திரும்பும்போது அம்பத்தூரில் இறங்கி, ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த சீடிக் கடைக்குப் போய்விட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பேன். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ரோட்டில் நிற்க வேண்டிய கடை அது. கடைக்கார அண்ணன் புதுப் படங்களை வாசலில் தொங்கவிட்டிருப்பார். பழைய படங்கள் உள்ளே, அட்டைப் பெட்டியில். அந்தப் பெட்டியைக் கிளறுகிற ஒரே ஆள் நான்தான் என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. பெரிய ரசிகை என்று நினைப்பு.

“இன்னா மேடம், உங்க நைனாவுக்கு இன்னிக்கி ராஜா படமா, சாமி படமா?” என்பார்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சீடி கம்பெனிக்காரன் அட்டையில் கலர் அடித்திருப்பான். கதாநாயகனுக்கு உதட்டுச்சாயம் பூசியது போல இருக்கும். ஒரு படம் என்றால் இரண்டு டிஸ்க், நீளமானது என்றால் மூன்று. முதல் டிஸ்க் எங்கே முடியும் என்பதற்கு ஒரு நியாயமும் கிடையாது. ராஜா வாளை ஓங்குவார், திரை கறுத்துவிடும். எழுந்து போய் அடுத்த டிஸ்க்கைப் போட்டால்தான் வாள் கீழே இறங்கும். அந்த இடைவெளியில் அப்பா பொறுமையாக உட்கார்ந்திருப்பார். வாள் எங்கே இறங்கும் என்று அவருக்குத் தெரியும்.

அப்பாவுக்கு அந்தப் படங்கள் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அரக்கோணம் பக்கத்துக் கீற்றுக் கொட்டகையில் பெரியப்பா சோடா விற்றார். அந்தச் சலுகையில் அப்பா டிக்கெட் இல்லாமல் உள்ளே போய், ஒரே படத்தை அது ஓடி முடிகிறவரை தினமும் பார்த்தவர். வசனம், பாட்டு, நடுவில் வரும் தும்மல் வரைக்கும் மனப்பாடம். பிறகு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சம்மட்டி இயந்திரத்தில் வைத்து அடிக்கிற பிரிவு. அதில் சேர்ந்தவர் கடைசிவரை அதிலேயே இருந்தார்.

பழைய படம் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டார். புதுப் படம் போட்டால், “இதெல்லாம் ஒரு படமா? பேசத் தெரிதா இவனுங்களுக்கு?” என்று எழுந்துவிடுவார். அவருடைய படத்தில் நடிகர் வாயைத் திறப்பதற்கு முன்பே இவர் வசனத்தைச் சொல்லிவிடுவார். சிரிப்புக் காட்சியில் கொஞ்சம் முன்னாடியே சிரித்துவிடுவார். எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஞாபகசக்தியைக் காட்டிப் பீற்றிக்கொள்கிறார் என்றுதான் நானும் அம்மாவும் நினைத்தோம்.

அம்மாவுக்குச் சினிமா பிடிக்காது. அவளுக்கு நாடகம். ஒரே ஒரு சேனல் இருந்த காலத்தில் வாரத்துக்கு ஒரு நாள் சாயங்காலம் நாடகம் போடுவார்களே, அது. கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் வீட்டில் டிவி இல்லை. அப்பாவுக்கோ ஷிஃப்ட். பக்கத்து பிளாக்கில் ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து தனியாகப் பார்த்திருக்கிறாள். அதில் ஒன்று அவள் மனதில் அப்படியே தங்கிவிட்டது. வேலைக்குப் போய்விட்டு வந்து ஒரு வார்த்தை பேசாமல் தூங்கிவிடும் புருஷன், சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கும் பெண்டாட்டி, வாரா வாரம் அவ்வளவுதான் கதை. “அதுல வர்ற பொம்பள நான்தான் பாப்பா” என்பாள்.

அந்த நாடகம் டிஸ்க்கில் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, நான் அம்பத்தூர், ஆவடி மார்க்கெட், பூந்தமல்லி டிரங்க் ரோடு என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் பூந்தமல்லியில், பாத்திரக்கடைக்குப் பக்கத்தில் செல்போன் கவர் விற்கும் கடையில் கிடைத்தது. மூன்று டிஸ்க். வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது அம்மா அதை முதலில் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

அவளுக்கு ஒரே ஆசைதான். அதை அப்பா தன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். “நான் பட்டது அந்த மனுசனுக்கு அதுலயாச்சும் புரியட்டும்.”

அப்பா உட்காரவில்லை. நாடகம் ஆரம்பித்து இரண்டு நிமிடத்தில் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். மறுவாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் டிஸ்க்கைப் பார்த்ததுமே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு ஹால், ஒரு அறை, பச்சைப் பெயிண்ட் அடித்த ஜன்னல் கம்பி, ஒரு டிவி, ஒரு பிளேயர். அதில் யார் டிஸ்க் ஓடும் என்பதுதான் எங்கள் வீட்டில் அன்றாடச் சண்டை. அம்மா சண்டை போடுவாள், அப்பா போட மாட்டார். அது அவளுக்கு இன்னும் கோபம்.

இங்கேதான் ஒரு தெலுங்கு விஷயம் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா பூந்தமல்லியில் மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த ராஜா படம் ஒன்றை முந்தின நாள் வாங்கி வந்திருந்தேன். போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். யாரோ தெலுங்கில் ஆவேசமாகப் பேசுவது கேட்டது. மேல் வீட்டில் நெல்லூர்க்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் டிவி என்று நினைத்தேன். ஆனால் பின்னணி இசை எங்கள் ஹாலிலிருந்து வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.

திரையில் அதே ராஜா, அதே அரண்மனை. பேச்சு மட்டும் தெலுங்கு. தெலுங்கில் டப் செய்து விற்ற டிஸ்க்கைக் கம்பெனிக்காரன் தமிழ் அட்டைக்குள் வைத்து ஒட்டிவிட்டான். ‘ஐயோ, அப்பா கத்தப் போகிறாரே’ என்று ஓடினேன்.

அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொடையைத் தட்டியபடி ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காட்டுக்குத் துரத்தப்பட்ட இளவரசன் திரும்பி வந்து சித்தப்பனைச் சபையில் நிறுத்திக் கேள்வி கேட்கும் காட்சி. அப்பாவின் உதடுகள் அசைந்தன. தமிழ் வசனம், ஒரு சொல் பிசகாமல்.

“அப்பா, இது தெலுங்குப்பா” என்றேன், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று. அவர் திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். பிறகு முன்னால் போனேன். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“வா பாப்பா, உக்காரு. எப்டிப் பேசறான் பாரு. தமிழ்னா இதான் தமிழு. இப்ப கீறவனுங்களுக்கு வருமா இது?”

டிவியில் இளவரசன் தெலுங்கில் முழங்கிக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. அத்தனை வருஷமும் ஒரு நொடியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்னாடியே வசனம் சொன்னது, முன்னாடியே சிரித்தது, புதுப் படம் பார்க்காதது, நாடகத்தில் எழுந்து போனது, எல்லாம். தெரியாத கதை எதையும் அவரால் கேட்க முடியாது. தெரிந்த படத்தை மட்டும்தான் அவரால் கேட்க முடியும்.

டிவியை அணைத்துவிட்டு அவருக்கு நேரே உட்கார்ந்தேன். மெதுவாக, உதடு நன்றாகத் தெரியும்படி, “இது தெலுங்குப்பா” என்றேன்.

அப்பா என் வாயையே பார்த்தார். முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பையனைப் போல ஆகிவிட்டார்.

“எப்போத்துலர்ந்துப்பா?”

“தெர்ல பாப்பா. கொஞ்சங்கொஞ்சமா போச்சு. மொதல்ல விசில் சத்தம் கேக்கல, அப்பால குருவிங்க. சம்மட்டி அடிக்கிற ஷாப்புல எவனுக்குக் கேக்குது? அங்க எல்லாம் கை ஜாடதான். ஊட்லதான் கஷ்டம்.”

அந்தப் பிரிவில் எல்லாருக்கும் காதில் வைத்துக்கொள்ள மஞ்சள் நுரைப்பஞ்சு கொடுத்திருந்தார்கள். வைத்துக்கொண்டவனைப் பொம்பளை என்று மற்றவர்கள் கேலி செய்வார்களாம். அதனால் ஒருத்தரும் வைத்துக்கொள்ளவில்லை. அப்பா அதையெல்லாம் எனக்கு விளையாடக் கொண்டுவந்து கொடுப்பார். சின்ன வயதில் என் பொம்மைக்குத் தலையணை அதுதான். மெத்மெத்தென்று நன்றாக இருக்கும்.

“அம்மாட்ட சொல்லிடலாம்பா.”

“சொல்லாத பாப்பா.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவளுக்குத் தெரிஞ்சா கொயாத் தண்ணி புடிக்கிற எடத்துல தெரியும். அங்கருந்து கேண்டீனுக்குப் போவும். மெடிக்கல்ல எழுதி, என்னத் தூக்கி ஸ்டோர்ஸ்ல உக்கார வெச்சிருவானுங்க. செவிட்டு ஏகாம்பரம்னு பேர் வெச்சிருவானுங்க. ரிட்டையர் ஆவட்டும். நானே சொல்லிக்கிறேன்.”

சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? மாட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் மூச்சுவிட்டது ரயிலில் மட்டும்தான். அப்பாவிடம் யாராவது பேசினால் நான் குறுக்கே புகுந்து பதில் சொல்ல வேண்டும். காலிங் பெல் அடித்தால் அவர் கண்ணில் படும்படி எழுந்து போக வேண்டும். அம்மா அடுக்களையிலிருந்து, “இன்னாங்க, அரிசி தீந்துபோச்சு” என்றால், நான் ஹாலில் அதை வேறொரு பேச்சாக மாற்றி அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். சினேகிதிகள் மகாபலிபுரம் கூப்பிட்டார்கள், போகவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல இடம். நான் மூக்கு சரியில்லை என்று சொல்லித் தட்டிவிட்டேன். பாவம், அந்த மனிதருக்கு மூக்கு நன்றாகத்தான் இருந்தது. நான் கோயம்புத்தூருக்குப் போய்விட்டால் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் யார் நிற்பது?

ஆனால் டிஸ்க் வாங்குவது மட்டும் நிற்கவில்லை. ரசிகை என்ற கர்வம் போய்விட்டது, அவ்வளவுதான். இப்போது அட்டைப் பெட்டியைக் கிளறும்போது நல்ல படமா என்று பார்க்க மாட்டேன். அப்பாவுக்குத் தெரிந்த படமா என்று பார்ப்பேன். அவருக்குத் தெரிந்த படங்கள் குறைவு. கம்பெனிக்காரன் எதை வெளியிடுகிறானோ அதுதான் அப்பாவின் காது. கடைக்கார அண்ணன் ஒரு நாள், “இன்னா மேடம், இந்தப் படம் கீது, அந்தப் படம் கீது, எல்லாம் சூப்பர் ஹிட்டு, வாணாம்ன்றீங்க. இந்த ஓடாத படத்துக்கு அலையிறீங்க” என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த ஓடாத படம் அரக்கோணத்தில் ஓடியது என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

அம்மாவின் கோபம் இதற்குள் முற்றிவிட்டது. ஒரு நாள் அவள் முடிவுக்கு வந்தாள். இனி அந்த மனுசனிடம் பேசப் போவதில்லை.

பேசவில்லை. தட்டை வைப்பாள், தண்ணீர் வைப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். முகத்தைக்கூடக் காட்ட மாட்டாள். இதில் கொடுமை என்னவென்றால், அவள் பேசாமல் இருக்கிறாள் என்பதே அப்பாவுக்குத் தெரியவில்லை. அவருக்கு எல்லா நாளும் ஒரே நாள்தான். சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வந்து படம் பார்த்தார், சிரித்தார்.

“பாத்தியா பாப்பா” என்று அம்மா அடுக்களையில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஒரு வாரமா வாயக் கட்டிகினு கீறேன். ஏன்டி பேசலன்னு ஒரு வார்த்த கேட்டுதா அந்த மனுசன்? நான் செத்தாலும் ரெண்டு நாள் கழிச்சுதான் தெரியும் போல.”

நான் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தேன். அந்த இரண்டு பேர் மேலும் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. இவருக்கு வேலை, அவளுக்கு ரோஷம், எனக்கு என்ன?

அம்மா அப்பாவின் பேரைச் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால் என்னை முன்னால் தள்ளிவிடுவாள். ஆஸ்பத்திரிச் சீட்டுக்குக் கேட்டால், “பாப்பா, சொல்லு” என்பாள். அந்தக் காலத்துப் பெண்கள் பலர் அப்படித்தான். புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்பியவர்கள். என் அம்மா கனவில்கூட அந்தப் பேரை உளறியிருக்க மாட்டாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம். அப்பா ராஜா படம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்று அவர் முதுகையே பார்த்தாள். அப்பா எதற்கோ சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கிளப்பிவிட்டது. நேரே போய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

“யோவ் ஏகாம்பரம்!”

மேல் வீட்டில்கூடக் கேட்டிருக்கும்.

அப்பா காலை ஆட்டிக்கொண்டு படம் பார்த்தார்.

அம்மா சொன்ன வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாளோ, அடிப்பார் என்று எதிர்பார்த்தாளோ, தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தாள். இன்னொரு தடவை, இந்த முறை மெதுவாக, ஆளை எழுப்புவது போல, “ஏகாம்பரம்” என்றாள். அப்பா கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். “உனக்குத் தெரியுமா?”

தலையாட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. “அட பாவி மனுசா” என்று மட்டும் சொன்னாள், அவரைப் பார்த்துத்தான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தி டிஸ்க்கை எடுத்தாள். தன் நாடகத்தைப் போட்டாள். அப்பா வழக்கம்போல எழப் பார்த்தார். தோளை அழுத்தி உட்காரவைத்தாள். பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து டிவிக்குப் பக்கத்தில் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி, அவருக்கு நேரே உட்கார்ந்தாள்.

நாடகம் ஆரம்பித்தது. அந்தப் பெண்டாட்டி பேச, அம்மா உதட்டை அசைத்தாள். புருஷன் பேசினால் அவனுக்கும் அவளே. பால்காரன், மாமியார், பக்கத்து வீட்டுக்காரி எல்லாருக்கும் அவளே. திரையைத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. சத்தம் வரவில்லை. ஏன் என்று அப்புறம் கேட்டேன். “செவுடன் ஊட்லதான் கத்திப் பேசுவாங்க. கத்தினா பிளாக் பூரா தெரிஞ்சிராது?” என்றாள். ஒரு நிமிடத்தில் அப்பாவின் கட்சிக்குப் போய்விட்டாள், பாருங்கள். நான் அத்தனை நாள் சுமந்ததை அவள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாங்கிக்கொண்டாள்.

அப்பா கடைசிவரை எழுந்திருக்கவில்லை. மூன்றாவது டிஸ்க்கில், அந்தப் பெண்டாட்டி மூடி வைத்த சோற்றைத் தானே சாப்பிடும் இடத்தில், அப்பாவின் கண் நிறைந்துவிட்டது. அவர் திரையைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர்கள் பேச்செல்லாம் அப்படியே ஆகிவிட்டது. அரிசி, பருப்பு, என் கல்யாணம் எல்லாம் உதட்டால்தான். என்னிடம் மட்டும் அம்மா அடுக்களையில் சத்தமாகப் பேசுவாள், பாடுவாள், ஊர் வம்பு அளப்பாள். எனக்கும் விடுதலை கிடைத்தது. ரயில் எட்டும் தூரத்திலேயே, இதே கொரட்டூரில், நல்ல மூக்குள்ள ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்தேன். அப்பா ரிட்டையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து திருமுல்லைவாயலில் வாடகைக்குப் போனார்கள். இனிமேல் யாருக்குத் தெரிந்தால் என்ன, காதில் மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லாத நாள் இல்லை. “எதுக்குப் பாப்பா? உங்கம்மா பேசறது எனக்குத் தெரிதே, போதும்” என்பார். பிறகு அம்மா போய்விட்டாள். நெஞ்சு வலி என்று சொன்னதாக அப்பா சொன்னார்.

அவள் போன பிறகுதான் மெஷினுக்குச் சம்மதித்தார். இப்போது எங்களோடு இருக்கிறார். பிரஷர் குக்கர் விசில் கேட்டுத் தூக்கிவாரிப் போடுகிறது அவருக்கு. புறா குனுகுவது பிடித்திருக்கிறது.

அந்தச் சீடிக் கடை இருந்த இடத்தில் ஜூஸ் விற்கிறார்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஒயர் செருகுவோமே, அதற்கு எங்கள் புது டிவியில் ஓட்டையே இல்லை. பழைய படம் வேண்டுமென்றால் போனில் தட்டினால் வருகிறது. என் பையன் தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினான். அப்பா மெஷினோடு கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “எனக்கு ஞாபகம் கீற குரல் இது இல்ல” என்று தள்ளி வைத்துவிட்டார்.

அலமாரி முன்னால் நான் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன் அல்லவா? அப்பா மெல்ல வந்து பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். டப்பாக்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பாப்பா, உங்கம்மா குரல் எப்டி இருந்துச்சு?”

சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் கட்டையான குரல் என்றேன். இல்லை, கோபம் வந்தால் மெலிசாகிவிடும் என்றேன். எனக்கே சரியாக வரவில்லை. அம்மா இருந்தபோது என்னிடம் இருந்தது பேச மட்டும் உதவும் பொத்தான் போன். இத்தனை டிஸ்க்கில் எத்தனையோ செத்துப்போன நடிகர்களின் குரல் இருக்கிறது, அம்மாவுடையது ஒரு விநாடிகூட இல்லை. தேடியபோது அடியில் என் கல்யாண டிஸ்க் கிடைத்தது. என் வீட்டுக்காரரின் பழைய லேப்டாப்பில் டிஸ்க் போடும் தட்டு இன்னும் இருக்கிறது. போட்டேன். அப்பா மெஷினைச் சரியாக அழுத்திக்கொண்டு முன்னால் குனிந்தார்.

அம்மா வந்தாள். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு பேசுகிறாள், பந்தியில் யாரையோ அதட்டுகிறாள், மேடையில் என் காதோரம் குனிந்து என்னவோ சொல்கிறாள். எல்லாவற்றின் மேலும் ஸ்டுடியோக்காரன் சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தான். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பாட்டு. ஒரு இடத்தில்கூட விடவில்லை. எனக்கு அவனைத் தேடிப்போய் அறையலாம் போல இருந்தது.

அப்பா மெஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “அந்தப் பாட்ட நிறுத்து. முதல்லர்ந்து போடு” என்றார்.

சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். அப்பா திரைக்கு நேரே விரலை நீட்டிச் சொல்ல ஆரம்பித்தார். “‘வாங்கண்ணி, எப்போ வந்தீங்க’ன்றா. ‘பாயசம் இந்த வரிசைக்கு வரவே இல்ல’ன்றா. இங்க உன்ட்ட சொல்றா பாரு, ‘தலயக் குனிஞ்சிகினே இருக்காத, கழுத்து வலிக்கும்’னு.” ஆமாம், அதைத்தான் சொன்னாள். எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அடுத்து, கூட்டம் கலைந்த மண்டபத்தின் மூலையில் அம்மாவும் அப்பாவும் தனியாக நிற்கிறார்கள். கேமராக்காரன் தூரத்திலிருந்து எடுத்திருக்கிறான். அம்மாவின் முகம் நம் பக்கம். ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறாள். அப்பா விரலைக் கீழே இறக்கிவிட்டார்.

“என்னப்பா சொல்றாங்க?” என்று அவர் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டேன்.

“‘இவளும் போய்ட்டா நான் யார்ட்ட சத்தமா பேசுவேன்’ன்றா.”

“அதுக்கு நீ இன்னாப்பா சொன்ன?”

திரையில் அப்பாவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. திரையைப் பார்த்தபடி நான் கேட்டது அவருக்குக் கேட்கவில்லை, மெஷின் மடியில் கிடந்தது. தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே போய், மறுபடி கேட்டேன். அவர் என் உதட்டைப் பார்த்தார், திரும்பி அந்த முதுகைப் பார்த்தார்.

“தெர்லியே பாப்பா” என்றார்.